கேளாதிருப்பதன் விலை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒருநாள், கொழும்பில் நான் பணிபுரிந்த பத்திரிகைக்கு மோட்டார் காப்புறுதி விளம்பரம் ஒன்று வந்தது. விளம்பர முகவர்கள் அனுப்பிய தமிழ்ப் பிரதியில் ‘விபத்தின்மைக் கழிவு’ என்றிருந்தது. எங்கள் மூத்த உதவி ஆசிரியர் சிவப்புப் பேனையால் அதை வெட்டி, ‘கோரிக்கையின்மைக் கழிவு’ என்று எழுதினார். “விபத்து நடந்ததோ இல்லையோ எண்டு அவன் கேக்கேல்லை தம்பி. நீ காசு கேட்டனியோ எண்டுதான் கேக்கிறான்” என்றார்.

பல்லாண்டு காலச் செய்தித் தொழிலில் எத்தனையோ மொழிபெயர்ப்புத் திருத்தங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வணிகத்தின் முழுச் சூட்சுமத்தையும் ஒரு சொல்லுக்குள் அடக்கிய திருத்தம் அதைப்போல் வேறில்லை. ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்று நம் நாட்டிலும், ‘நோ கிளெய்ம்ஸ் டிஸ்கவுண்ட்’ என்று பிரித்தானியாவிலும் வழங்கும் இந்தக் கழிவு, நன்றாக வாகனம் ஓட்டியவருக்கு அளிக்கும் பரிசு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது கேளாதிருந்தவருக்கான கழிவு. நீங்கள் பத்து முறை மதிலில் இடித்துவிட்டு உங்கள் பணத்திலேயே திருத்திக்கொண்டால் கழிவு நிலைத்திருக்கும். நிறுத்திவைத்த உங்கள் காரை யாரோ முகந்தெரியாதவன் இடித்துவிட்டு ஓடிவிட, நீங்கள் இழப்பீடு கோரினால் கழிவு குறைந்துவிடலாம். கொடுத்த பணத்தை வேறொருவரிடமிருந்து நிறுவனம் மீட்க முடிந்ததா என்பதே அங்கே கேள்வி. மீட்க முடியாவிட்டால், குற்றம் யாருடையதாயினும், கணக்குப் புத்தகத்தில் அது உங்கள் பக்கமே எழுதப்படும்.

நம் நாட்டில் இந்த நுட்பங்களைப் பற்றி நாம் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. காலி வீதியில் இரு வாகனங்கள் உரசிக்கொண்டால், காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதன் பிரதிநிதி மோட்டார் சைக்கிளில் வந்து படமெடுக்கும்வரை, பின்னால் நீளும் வாகன வரிசையின் ஹோர்ன் ஓசைகளையும் பொருட்படுத்தாமல் காத்து நிற்போம். மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவருக்குத் தன் வாகனத்துக்கென்று ஒரு சதமும் கிடைக்காது. அவர் வீதியிலேயே பேரம் பேசி முடித்துக்கொள்வார். கூடிநிற்கும் நாலுபேர் நீதிபதிகளாவர். கையில் சில ஆயிரம் ரூபா மாறும். விடயம் அத்தோடு முடிந்துவிடும்.

இந்தப் பழக்கத்தை நம்மவர்கள் கடல் கடந்தும் கொண்டுசென்றிருக்கின்றனர். அது அங்கே எவ்வளவு ஆபத்தானது என்பதை 2023ம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், லண்டனின் ஹரோ பகுதியில் வாழும் என் தங்கையின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது நேரிற் கண்டேன்.

தங்கை கணவனை இழந்தவள். முதியோரை வீடு வீடாகச் சென்று பராமரிப்பது அவளது தொழில். அதிகாலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் ஒருவரைக் குளிப்பாட்டி, ஏழரைக்கு இன்னொரு வீட்டில் இன்னொருவருக்கு மருந்து கொடுக்க வேண்டும். கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. ஒன்பது ஆண்டுகளாக அவள் காப்புறுதியில் ஒரு பவுண் கூடக் கேட்டதில்லை. அவளுடைய மகன், என் மருமகன், அப்போது பல்கலைக்கழக மாணவன். தாயின் காப்புறுதிப் பத்திரத்தில் மேலதிக சாரதியாக அவன் பெயரும் இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, சுற்றுவட்டமொன்றில் முன்னே சென்ற கார் சட்டென்று நிற்க, இவன் அதன் பின்புறத்தில் மோதிவிட்டான். ஒருவருக்கும் காயமில்லை. அந்தக் காரின் பின் பம்பர் பிளந்தது. எங்கள் காரின் முன் விளக்கொன்று உடைந்தது. பெயர், முகவரி, வாகன இலக்கம் எல்லாவற்றையும் இருவரும் முறைப்படி பரிமாறிக்கொண்டனர். 1988ம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. அப்படிப் பரிமாற முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பொலிஸில் அறிவிக்க வேண்டும்.

அன்றிரவு அந்த மற்றச் சாரதி தொலைபேசியில் பேசினார். 650 பவுண் ரொக்கமாகத் தந்தால் காப்புறுதிக்குப் போகாமலே முடித்துவிடலாம் என்றார். மருமகனின் முகத்தில் உயிர் வந்தது.

“மாமா, இன்சூரன்சுக்குச் சொன்னா அம்மாட பிறீமியம் ஏறிடும். நான் பார்ட் டைம் வேலை செய்து அந்தக் காசைக் குடுக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லாமல் விடுவம்” என்றான்.

அவன் கெட்டவனல்லன். தாயின் ஒன்பது ஆண்டுப் பொறுமையை ஒரு கணத்தில் உடைத்துவிட்டேனே என்ற தவிப்புத்தான் அவனை அப்படிப் பேச வைத்தது. மேலதிக சாரதி செய்த விபத்துக்கு இழப்பீடு கோரினாலும், குறைவது பத்திரத்துக்கு உரியவரின் கழிவுதான். தங்கை ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள். “அண்ணா, நீங்களே ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ” என்று ஒரு தடித்த காகிதக் கட்டை மேசையில் வைத்தாள். ஒப்பந்தங்களின் சிறிய எழுத்துகளை வாசிப்பது எனக்குத் தொழிற்பழக்கம். இரவு இரண்டு மணிவரை வாசித்தேன்.

அந்த வாசிப்பில் தெளிந்த முதல் விடயம் இது: விபத்து வேறு, அறிவித்தல் வேறு, கோருதல் வேறு. நம்மவர்கள் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். விபத்து நடந்தால் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. இழப்பீடு கோருவதா இல்லையா என்பது நம் விருப்பம். ‘தகவலுக்காக மட்டும்’ என்று அறிவித்துவிட்டு, செலவை நாமே ஏற்றுக்கொள்ளலாம். அப்போது கழிவின் வீதம் குறையாது. ஆயினும், விபத்தில் சம்பந்தப்பட்டவர் என்ற காரணத்தால், மறு வருடம் அடிப்படைக் கட்டணத்தைச் சில நிறுவனங்கள் உயர்த்தக்கூடும்.

கோரினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். விளங்குவதற்காக முழு எண்களில் தருகிறேன். அடிப்படைக் கட்டணம் 2000 பவுண், ஐந்தும் அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குமான கழிவு நூற்றுக்கு 60 என்று கொள்வோம். கட்டுவது 800 பவுண். ஒரு கோரிக்கையின் பின் ஐந்தாண்டுக் கழிவு மூன்றாண்டுக் கழிவாகக் கீழிறங்குவது அங்கே பரவலான வழக்கம். அது நூற்றுக்கு 45 எனவும், அடிப்படைக் கட்டணமும் 2200 ஆக உயர்ந்தது எனவும் வைத்தால், மறு வருடம் 1210 பவுண். அதற்கடுத்த வருடம் கழிவு 50 ஆகி, 1100. மூன்றாம் வருடம் மீண்டும் 60 ஆகி, 880. மூன்று ஆண்டுகளில் மேலதிகமாகப் போவது 790 பவுண். வருவது என்ன? எதிராளியின் 650 பவுணை நிறுவனம் கொடுக்கும். எங்கள் விளக்கைத் திருத்த 250 பவுண். ஆனால் சொந்த வாகனச் சேதத்துக்கு ‘எக்சஸ்’ எனப்படும், நாமே முதலிற் போடவேண்டிய தொகை 350 பவுண் என்பதால் அங்கே ஒன்றும் கிடைக்காது. ஆக, 650ஐப் பெறுவதற்கு 790ஐக் கொடுக்க வேண்டும்.

கணக்கு, கோரவேண்டாம் என்றது. மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அப்ப நான் சொன்னதுதானே சரி?” என்றான்.

கோராமல் விடுவது சரி. சொல்லாமல் விடுவதுதான் தவறு என்றேன். கைகுலுக்கி 650 பவுணை வாங்கிக்கொண்டு போகிறவர், உடலுக்குக் காயம் என்று வழக்கிட அங்கே மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. பொருட்சேதத்துக்கு ஆறு ஆண்டுகள். ஆறு மாதம் கழித்து ‘கழுத்து நோகிறது’ என்று ஒரு சட்டத்தரணியின் கடிதம் வந்தால், விபத்தையே அறியாத காப்புறுதி நிறுவனம் நம் பக்கம் நிற்குமா? மறு வருடப் புதுப்பித்தற் படிவத்தில் ‘கடந்த ஐந்து ஆண்டுகளில் கோரிக்கைகளோ விபத்துகளோ உண்டா’ என்ற கேள்வி வரும்போது தங்கை என்ன எழுதுவாள்? நிறுவனங்கள் விபத்துத் தகவல்களைப் பொதுவான ஒரு தரவுத்தளத்தில் பகிர்ந்துகொள்கின்றன. எதிராளி தன் நிறுவனத்துக்குச் சொல்லியிருந்தாலே போதும், நம் மௌனம் வெளிப்பட்டுவிடும். நுகர்வோர் காப்புறுதி பற்றிய 2012ம் ஆண்டின் சட்டப்படி, தெரிந்துகொண்டே பொய்யான விடை கொடுத்தவரின் ஒப்பந்தத்தை நிறுவனம் இல்லாததாக்கலாம், கோரிக்கைகளை மறுக்கலாம், கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை அப்படி நீக்கப்பட்டவர், அதன்பின் கேட்கப்படும் இடமெல்லாம் அதைச் சொல்லியாக வேண்டும். அவருக்குக் காப்புறுதி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை மலையளவு. தங்கைக்கு அது கழிவை இழக்கும் விடயமல்ல, தொழிலை இழக்கும் விடயம்.

மறுநாட் காலையில் அவள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தாள். படங்களையும் அனுப்பினாள். செலவைத் தானே ஏற்பதாகச் சொல்லி, அவர்கள் ஆட்சேபிக்காததை உறுதிசெய்துகொண்டு, எதிராளிக்கு வங்கி மூலம் பணம் அனுப்பி, வாகனச் சேதத்துக்கான முழுத் தீர்வு அது என்று எழுத்தில் பெற்றுக்கொண்டாள். நான் கொழும்பு திரும்பினேன்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்தக் கடிதம் வந்தது. கழுத்து வலிக்கு இழப்பீடு கோரியிருந்தனர். தங்கை அதைப் பிரிக்கும்போது கை நடுங்கியதாகச் சொன்னாள். ஆனால் அவள் செய்யவேண்டியிருந்தது, அதை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பது ஒன்றுதான். அவர்களிடம் விபத்துக்கு மறுநாளே பெற்ற வாக்குமூலமும் படங்களும் இருந்தன. வழக்கை அவர்களே ஏற்று நடத்தினர். இடையில் புதுப்பித்தல் வந்தபோது, முடிவுறாத கோரிக்கை என்று சொல்லிக் கழிவைக் குறைத்து, கூடுதற் கட்டணம் அறவிட்டனர். அதைத் தவணை முறையில் கட்டுவதற்கு அவள் வார இறுதிகளிலும் வேலைக்குப் போனாள். ஒன்பது மாதங்களின் பின், எதிராளி தன் கோரிக்கையைத் தொடராமல் விட்டதாக அறிவித்து, கழிவை மீட்டுக்கொடுத்து, கூடுதலாகப் பெற்ற பணத்தையும் திருப்பி அனுப்பினர்.

உண்மை சொன்னவளுக்கு ஏன் அந்த ஒன்பது மாதத் தண்டனை என்று மருமகன் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்த முறை நேர்மையானவரையும் வருத்தவே செய்கிறது. ஆனால் மறைத்திருந்தால் அந்த ஒன்பது மாதமும் அவள் தனியே நின்றிருப்பாள்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு இன்னும் சில விடயங்களைச் சொல்ல வேண்டும். ‘கழிவுப் பாதுகாப்பு’ என்று மேலதிகப் பணம் வாங்கிக்கொண்டு பிரித்தானிய நிறுவனங்கள் விற்பது, கழிவின் வீதத்தை மட்டுமே காக்கும். 60 வீதம் அப்படியே இருக்க, அடிப்படைக் கட்டணம் உயரலாம். அதை வாங்குமுன், கோரிக்கையின் பின் கழிவு எந்தப் படிக்கு இறங்கும் என்ற அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். பழைய வாடிக்கையாளருக்குப் புதியவரைவிடக் கூடிய விலை சொல்லும் வழக்கத்தை அந்நாட்டு நிதி நடத்தை அதிகாரசபை 2022 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் தடைசெய்திருக்கிறது. ஆயினும் பிற நிறுவனங்களின் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதில் நன்மை உண்டு. உங்கள் கழிவு காருக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. நிறுவனம் மாறும்போது அதற்கான கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

நம் வீடுகளில் பரவலாக நடக்கும் இன்னொன்றும் உண்டு. மகன் நாள்தோறும் ஓட்டும் காரை, இளஞ்சாரதிக்கான கட்டணத்துக்கு அஞ்சி, தந்தையின் பெயரில் காப்புறுதி செய்து, மகனை ‘இடைக்கிடை ஓட்டுபவர்’ என்று காட்டுவது. சிறிய விபத்தொன்றின் விசாரணையிலேயே இது வெளிப்பட்டுவிடும். பிரித்தானியாவில் காப்புறுதியின்றி ஓட்டிய குற்றத்துக்கு வழமையான நிலையான தண்டம் 300 பவுணும் 6 புள்ளிகளும். அனுமதிப்பத்திரம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால், 1995ம் ஆண்டின் புதிய சாரதிகள் சட்டப்படி அனுமதிப்பத்திரமே பறிபோகும்.

இலங்கையிலும் கணக்கு மாறிவருகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022ல் ரூபா வீழ்ந்ததும், பழைய வாகனங்களின் சந்தைப் பெறுமதியையும் உதிரிப்பாகங்களின் விலையையும் பன்மடங்காக்கின. பெறுமதி உயர, அதன்மீது கணிக்கப்படும் கட்டுப்பணமும் உயர்ந்தது. ஆகவே நூற்றுக்கு இத்தனை என்று கிடைக்கும் கழிவு, ரூபாவில் முன்னரைவிடப் பெரிய தொகை. ஒரு பம்பர்க் கீறலுக்காக அதை இழக்குமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கேட்பதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கு சொல்லும். சொல்வதா வேண்டாமா என்பதற்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.