குடியை விட்ட சூப்ரா

ஆல்கஹால் குடித்து ஓடும் கார்கள் உண்டு. ஓட்டுகிறவர் குடிப்பதைச் சொல்லவில்லை, கார் குடிப்பதைத்தான் :-) அப்படிப்பட்ட ஒரு காரைத் திடீரென்று குடியை விடச் சொன்னால் என்ன ஆகும்?

முதலில் சரக்கைப் பற்றி ரெண்டு வரி. எத்தனால் என்பது சாராயத்தில் இருக்கும் அதே ஆல்கஹால்தான். அமெரிக்காவில் பெரும்பாலும் சோளத்திலிருந்து எடுத்து, கொஞ்சம் பெட்ரோல் கலந்து, இ85 என்ற பெயரில் பங்க்குகளில் விற்கிறார்கள். பெயரில் 85 இருந்தாலும், உள்ளே இருக்கும் எத்தனால் ஊரையும் பருவத்தையும் பொறுத்து 51 முதல் 83 சதவீதம் வரை மாறும். குளிர்காலத்தில் எத்தனாலைக் குறைத்துவிடுவார்கள். இல்லையென்றால் பனி பெய்யும் காலையில் வண்டி கிளம்பாது.

அடுத்து கார். 2001ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டும் ஆரஞ்சு நிற டொயோட்டா சூப்ரா ஞாபகம் இருக்கிறதா? அதேதான். அந்தத் தலைமுறை சூப்ரா அமெரிக்காவில் 1993 முதல் 1998 வரை விற்றது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 320 குதிரைத்திறன்.

மினசோட்டாவில் ஒருவர் இந்தக் காரை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், ஓனர் என்றே இருக்கட்டும். இரண்டு சின்ன டர்போவைக் கழட்டிவிட்டு ஒரே பெரிய டர்போ போட்டாயிற்று. பெரிய பம்ப், பெரிய இன்ஜெக்டர், கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டருக்குப் பதிலாகத் தனி இசியூ. எல்லாமே இ85க்கு டியூன் செய்தது. டைனோவில் ஏற்றினால் 700 குதிரை. இப்போது அவருக்கு மெயின் மாநிலத்துக்கு வேலை மாற்றல். மினசோட்டாவில் சாதாரணமாகக் கிடைக்கும் இ85, அங்கே கண்ணில் படுவதே அரிது. கார் பெட்ரோலுக்குத் திரும்பியாக வேண்டும்.

டேங்கைக் காலி செய்து பெட்ரோல் ஊற்றினால் முடிந்ததா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

எத்தனால் என்ன செய்துகொண்டிருந்தது?

ஊசி போடும் முன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்குமே, ஆல்கஹால் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சுவதால்தான் அப்படி. இன்ஜினுக்குள்ளும் அதுவே நடக்கிறது. ஒரு கிலோ எத்தனால் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், பெட்ரோலைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. போதாததற்கு, எத்தனாலை அதிகமாகவும் ஊற்ற வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று தேவை, எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே அதே காற்றுக்கு இ85 சுமார் 35 முதல் 40 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். மைலேஜ் அடிவாங்குவதும் இதனால்தான்.

ஆக, உள்ளே போகும் காற்று குளிர்கிறது. எத்தனாலின் ஆக்டேன் வேறு அதிகம். இரண்டும் சேர்ந்து நாக்கிங்கைத் தடுக்கின்றன. நாக்கிங் என்றால், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு வந்து சேரும் முன்பே, மூலையில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பது. கேட்க லேசான டக் டக் சத்தம்தான். நீடித்தால் பிஸ்டனே உடையும்.

இந்த இரட்டைப் பாதுகாப்பை நம்பித்தான் டர்போ அழுத்தத்தை ஏற்றி, ஸ்பார்க்கை முன்னால் தள்ளி, அந்த 700ஐ எடுத்தார்கள். குதிரைகள் டர்போவில் இருந்து வந்ததாக ஓனர் நினைத்துக்கொண்டிருப்பார். அதில் ஒரு பங்கு டேங்கில் இருந்து வந்தது.

திரும்பி வரும் வழி

டேங்கை முழுசாக வடிக்க வேண்டும். 'முழுசாக' என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். சூப்ராவின் டேங்க் 70 லிட்டர். அடியில் 10 லிட்டர் இ85 மிச்சம் இருக்க, மேலே 60 லிட்டர் பெட்ரோல் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்கப் பெட்ரோலிலேயே பொதுவாக 10 சதவீதம் எத்தனால் இருக்கும். மிச்சம் இருக்கும் இ85ல் 80 சதவீதம் என்று கொண்டால், 8 லிட்டரும் 6 லிட்டரும் சேர்ந்து 14. அதாவது டேங்கில் இருப்பது 20 சதவீத எத்தனால். 2025ல் இந்தியாவில் பழைய வண்டிக்காரர்கள் புலம்பிய அதே இ20!

இதனால் உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்தே. இந்தக் கலவை சுத்தமான பங்க் பெட்ரோலைவிட நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். டியூன் செய்பவர் அதை நம்பி ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்னால் வைப்பார். டைனோவில் எல்லாம் அமர்க்களமாக இருக்கும். அடுத்த முறை டேங்க் நிரப்பும்போது அந்த மிச்சம் போய்விடும், கூடவே பாதுகாப்பும் போய்விடும். டியூன் மட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொரு சங்கதி, தண்ணீர். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் பெட்ரோலை ஊற்றி எத்தனாலின் அளவைக் குறைத்தால், பிடித்துவைத்த தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கலாம். பம்ப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான்.

மற்ற வேலைகள் சுலபம். ஃபில்டர் மாற்றணும், இன்ஜின் ஆயில் மாற்றணும் (குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கொட்டிய எத்தனாலில் கொஞ்சம் ஆயிலில் இறங்கியிருக்கும்), பிளக்குகளைக் கழட்டிப் பார்க்கணும், ரப்பர் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கணும்.

அப்புறம் இசியூ. எரிபொருள் அளவை எல்லா இடத்திலும் குறைக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை எழுப்ப இ85 நிறையக் கேட்கும். அதே அளவு பெட்ரோலை ஊற்றினால் பிளக் நனைந்து இன்ஜின் மூச்சுத் திணறும். ஐடிலிங்கில் வேறு தலைவலி. இ85க்காகப் போட்ட பெரிய இன்ஜெக்டர் இப்போது மில்லி செகண்ட் கணக்கில் சிணுங்கித் திறந்து மூட வேண்டும். பழைய வகை இன்ஜெக்டராக இருந்தால் அதில் தடுமாறும்.

இதில் ஒரு பொறி உண்டு. புகைபோக்கியில் இருக்கும் வைட்பேண்ட் மீட்டர், கலவை சரியாக இருந்தால் இ85லும் 14.7 என்று காட்டும், பெட்ரோலிலும் 14.7 என்றே காட்டும். அது எரிந்தபின் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது, எது எரிந்தது என்று அதற்குத் தெரியாது. மீட்டர் அதே நம்பரைக் காட்டுகிறதே என்று ஓனர் நிம்மதியாக இருப்பார். நாக்கிங்கைப் பற்றி அந்த மீட்டர் மூச்சே விடாது.

கடைசியாக, கசப்பு மருந்து. ஸ்பார்க்கைப் பின்னால் தள்ளணும், டர்போ அழுத்தத்தைக் குறைக்கணும். 700 குதிரை, 550க்குப் பக்கத்தில் இறங்கலாம். பழைய 8.5 கம்ப்ரஷனை மாற்றி 10க்கு பிஸ்டன் போட்டிருந்தால் இன்னும் கீழே. பிஸ்டனை லேப்டாப்பில் மாற்ற முடியாதே!

இன்ஜின் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டேங்க் வடிப்பதில் யாரும் தகராறு செய்வதில்லை. "ஒரு 650ஆவது விடுங்களேன்" என்று கெஞ்சும்போதுதான் சிக்கல் வருகிறது. அந்த நம்பரை நண்பர்களிடம் சொல்லியாயிற்று, காரின் அடையாளமே அதுவாகிவிட்டது. 150 குதிரையைத் திருப்பிக் கொடு என்றால் மனசு கேட்காது. ஆனால் அந்தக் குதிரைகள் மினசோட்டா சோளத்தின் சொத்து. மெயின் மாநிலப் பங்க்கில் அவை கிடைக்காது.

முதலிலேயே ஒரு எத்தனால் சென்சார் போட்டிருந்தால் பாதித் தலைவலி இருந்திருக்காது. எரிபொருள் குழாயில் உட்கார்ந்துகொண்டு, எத்தனால் துளியும் இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ், முழுக்க எத்தனால் என்றால் 150 ஹெர்ட்ஸ் என்று இசியூவுக்கு அது சிக்னல் கொடுக்கும். எது கிடைக்கிறதோ அதை ஊற்றலாம், இசியூ தானாகவே அனுசரித்துக்கொள்ளும். இப்போதும் தாமதமில்லை. எப்படியும் குழாயைக் கழட்டத்தானே போகிறார்கள், அப்போதே மாட்டிவிடலாம்.

அதன் பிறகும் முதல் இரண்டு மூன்று டேங்க் வரை அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தே ஓட்டுவது நல்லது. குடியை விட்டவருக்குச் சொல்வதுதான் இங்கேயும். ஆரம்பத்தில் கூடவே ஒரு ஆள் இருந்து கவனிக்கணும். இங்கே அந்த ஆள், நாக் சென்சார் :-)