மீட்டர்ல அஞ்சு வோல்ட், மோட்டார்ல இல்ல

ஆலங்குளம்னதும் தென்காசிப் பக்கம் போயிடாதீங்க. இது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆலங்குளம். 1970ல அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊர். அக்கா வீடு அங்கதான்.

அக்கா பையன் ஒன்பதாவது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ரயில்வே கேட் மாடல் செஞ்சிருந்தான். ரயில் வந்தா செர்வோ மோட்டார் கேட்டை இறக்கணும், போனதும் தூக்கணும். இறக்கிடுது. தூக்கும்போதுதான் பாதியில உதறி, தொப்புனு விழுது. கூடவே ஆர்டுயினோவும் ரீசெட் ஆகுது. "ஓடலேன்னா கையால தூக்கிக் காட்டிடு"ன்னு வாத்தியார் சொல்லிட்டாராம். மறுநாள் கண்காட்சி. பையன் மூஞ்சியைப் பார்க்க முடியல.

"கோடு சரியாத்தான் இருக்கு மாமா, நாலு தடவை பாத்துட்டேன்"னான். நானும் படிச்சேன். நிஜமாவே சரியாத்தான் இருந்தது.

பவர் இப்படி: 12 வோல்ட் பேட்டரி, அதை 5 வோல்ட்டா இறக்க ஒரு எல்எம்2596 போர்டு, அதிலிருந்து பிரெட்போர்டு வழியா ஆர்டுயினோவுக்கும் செர்வோவுக்கும். பழைய 7805 போட்டிருந்தா ஒரு ஆம்பியருக்கே 7 வாட் வெறும் சூடா போகும். எல்எம்2596 மின்சாரத்தை நொடிக்கு 1,50,000 தடவை ஆன்-ஆஃப் பண்ணி இறக்குது, அதனால சுமாரா 80 சதவீதம் உருப்படியா வெளிய வரும். ஆக, பையன் எடுத்த முடிவு நல்ல முடிவு.

மீட்டரை வெச்சா 5.02. "பாருங்க, அஞ்சு வருது"ன்னான். வரும், மோட்டார் சும்மா இருக்கிறப்ப! பக்கத்துத் தோட்டத்துல பம்புசெட் போட்டா நம்ம வீட்டு பல்பு மங்குது இல்லியா, அதேதான் இது. எம்ஜி996ஆர் செர்வோ திணறி நின்னா 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால தூக்கச் சொல்லிட்டே அளந்தோம். ரெகுலேட்டர் வாசல்ல 4.6. செர்வோ பின்னுல 3.8! அந்த மோட்டாருக்கு 4.8ஆவது வேணும். நடுவுல 0.8 வோல்ட்டை முழுங்கினது தலைமுடி மாதிரி இருந்த ஜம்பர் ஒயரும் பிரெட்போர்டும்தான்.

மீட்டர் சொல்றதும் சராசரிதான். கண் சிமிட்டுற நேரத்துல வோல்டேஜ் இன்னும் ஆழமா விழுந்து எழுந்தா அதுக்குத் தெரியாது. ஆனா ஆர்டுயினோ ஊனோவுக்குத் தெரியும். 2.7க்குக் கீழ போனா ரீசெட்.

ரெகுலேட்டர்லயிருந்து செர்வோவுக்கு நேரா தடி ஒயர் சால்டர் பண்ணினோம். செர்வோ பக்கத்துலயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு, பழைய டிவி போர்டுல கழட்டினது (பிளஸ் மைனஸ் மாறினா வெடிக்கும், சிவகாசி பக்கம்கிறதுக்காக அதெல்லாம் வேணாம் :-) ). ஆர்டுயினோவைப் பவர் பேங்குக்கு மாத்தியாச்சு. ரெண்டோட கிரவுண்டையும் சேர்த்தே ஆகணும், இல்லேன்னா சிக்னல் எதை வெச்சு அளக்கிறதுன்னு செர்வோவுக்குப் புரியாது.

ரீசெட் நின்னுது. உதறல் மட்டும் கொஞ்சம் பாக்கி. அப்பதான் பையன் கேட்டான், "மாமா, நிஜ கேட்ல பின்னாடி ஒரு கனமான இரும்பு இருக்குமே, அது எதுக்கு?"

அடப்பாவி! நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவனுக்கு முன்னாடி உனக்குத் தோணுதே! கேட் குச்சியோட வால்ல சைக்கிள் நட்டு மூணைக் கட்டினான். தூக்கும்போது இப்ப செர்வோ பின்னுல 4.9. ரெகுலேட்டர் சூடும் குறைஞ்சுபோச்சு.

நாலாவது நட்டு கட்டினா கேட் இறங்கவே மாட்டேங்குது. மூணு போதும்னு விட்டுட்டோம்.