புற்றரை கற்பித்த பாடம்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் அன்போடு கேட்டபோது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நானும் அவ்வாறே எண்ணி ஏட்டைத் திறந்தேன். ஆயினும், சென்ற ஆண்டு பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கூட்டத்திற்குச் செல்லும் வழியிற் கண்ட காட்சியொன்று என் எழுதுகோலை வேறு திசைக்கு ஈர்த்துவிட்டது. அக்காட்சி ஒரு கோல்ப் மைதானம். வாழ்நாளில் ஒருமுறையேனும் அந்தப் பந்தை அடித்தறியாத ஒருவன் அவ்விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவது நகைப்புக்கிடமாகலாம். நான் எழுத விழைவது ஆட்டத்தைப் பற்றியன்று. ஒரு கழகத்தை நடத்துவதும், அதன் அங்கத்தவரை விலகிப் போகாமற் காப்பதும் எவ்வாறு என்பதைப் பற்றியே.

அவிசாவளையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதத்திற் பயணஞ் செய்தோர் இக்காட்சியை அறிவர். நெருங்கிய வீடுகளையும் மதில்களையும் கடந்து வண்டி பொரளைப் பக்கத்தை அண்மித்ததும், திடீரென இருமருங்கும் பசும்பட்டு விரித்தாற்போலப் புற்றரை தோன்றும். றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானத்தை ஊடறுத்தே இருப்புப்பாதை செல்கின்றது. 1879 ஆம் ஆண்டில் காலிமுகத்திடலில் தொடங்கிய கழகம் அது. பின்னர் தேசாதிபதி ரிட்ஜ்வே அவர்களின் பெயர் தாங்கிய இந்நிலத்திற்கு வந்தது. 1928 இல் 'றோயல்' என்னும் அடைமொழியைப் பெற்றது.

இருப்புப்பாதையின் வரலாறோ எங்கள் சப்பிரகமுவ மாகாணத்தின் வரலாறு. தோட்டங்களின் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டுசெல்லவே அது அமைக்கப்பட்டது. 1902 இல் அவிசாவளையையும், 1912 இல் இரத்தினபுரியையும், 1919 இல் ஓப்பநாயக்கவையும் அது எட்டியது. 1970 களில் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி மூடப்பட்டது. இன்று எங்கள் ஊரிலிருந்து அவிசாவளை வரை பேருந்திலேதான் வரவேண்டும். எங்கள் தண்டவாளம் போய்விட்டது. தண்டவாளத்தின் மறுமுனையிலுள்ள கழகமோ 140 ஆண்டுகளைக் கடந்தும் நிற்கின்றது.

அன்று சங்கக் கூட்டத்திற்கு வந்திருந்தோர் ஒரு மேசையைச் சுற்றி அமரத்தக்க அளவினரே. அழைப்புச் சென்றதோ பல நூற்றுவருக்கு. "ஆட்கள் ஏன் வருகிறார்களில்லை?" என்று மூத்தவர் ஒருவர் மனம் நொந்து வினவினார். எவரும் விடை கூறவில்லை. எனக்கு விடை தெரியும் போலிருந்தது. ஆயின் அதைக் கூறுவதற்கு என் தவறொன்றையும் சேர்த்துக் கூற வேண்டியிருந்தது. அன்று சபையிற் கூறாததை இன்று எழுதுகின்றேன்.

சிறுவயதில் சித்திரை விடுமுறைக்கு நுவரெலியாவிலிருந்த தாய்மாமன் வீட்டிற்குச் செல்வது எனக்கு வழக்கம். மாமா அங்குள்ள கோல்ப் மைதானத்தில் 'கெடி', அதாவது ஆடுவோரின் மட்டைப் பையைச் சுமந்து செல்பவர். 1889 இல் நிறுவப்பெற்ற நுவரெலியா கோல்ப் கழகம் நகரின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலான உயரத்தில் அமைந்தது. வசந்த காலத்தில் அங்கு கூட்டம் மிகும். நான் வேலியோரத்தில் நின்று பார்ப்பேன். மாலையில் மாமா வீடு திரும்பி, தேநீரருந்தியவாறு அன்றைய ஆட்டத்தின் கதையைச் சொல்வார்.

ஒருநாள் அவர் கூறியது எனக்கு விளங்கவில்லை. "இன்னிக்கு எங்க துரை தோத்துட்டாரு. அவர விட பதிமூணு அடி கூட அடிச்ச கிழவர் ஜெயிச்சிட்டாரு," என்றார். கோல்ப் ஆட்டத்தில் குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் வீழ்த்துபவனே வென்றவன் என்பது எனக்குத் தெரியும். கூடுதலாக அடித்தவர் எவ்வாறு வெல்லலாம்? மாமா அடுப்புக்கரியால் தரையிற் கோடிட்டு விளக்கினார். பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்து 72 அடிகள் என்பது அளவானால், வழக்கமாக 75 அடிகளில் முடிப்பவருக்கு 3 அடிகள் சலுகை. 90 அடிகளில் முடிப்பவருக்கு 18 அடிகள் சலுகை. அன்று துரை 75 அடித்தார். 3 ஐக் கழிக்க 72. கிழவர் 88 அடித்தார். 18 ஐக் கழிக்க 70. ஆகவே வெற்றி கிழவருக்கு. இதனை 'ஹண்டிக்காப்' என்பர். ஆட்டம் தேறத் தேறச் சலுகை குறையும். தளரத் தளரக் கூடும். வல்லவனும் மெல்லவனும் ஒரே களத்தில் இறங்கி, இருவரும் வெற்றியை நம்பி ஆடுவதற்கான ஏற்பாடு இது. நேற்று மட்டை பிடித்தவனும் எழுபது வயதைக் கடந்தவனும் கழகத்தை விட்டு விலகாமலிருப்பதன் இரகசியம் இதிலே பாதி அடங்கியிருக்கின்றது.

மீதிப் பாதி, பொறுப்புப் பகிர்வில் அடங்கியது. இத்தகைய கழகங்களில் தலைவர் நெடுங்காலம் அமர்ந்திருப்பதில்லை, பதவி கைமாறிக்கொண்டேயிருக்கும். புற்றரையைக் கவனிக்க ஒரு குழு, போட்டிகளுக்கு ஒரு குழு, சலுகைக் கணக்குக்கு ஒரு குழு என்று வேலை பலர் கையில் இருக்கும். மாதந்தோறும் ஏதேனும் ஒரு போட்டி நடக்கும். வென்றோர் பெயர் பலகையில் ஏறும். தன் பெயர் ஏறிய பலகையைப் பார்க்கவேனும் ஒருவன் திரும்பி வருவான் அல்லவா?

நிற்க. இக்கழகங்களின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. வெள்ளைத் துரைமார் காலத்தில் தோட்டப் பகுதிகளில் எழுந்த கழகங்கள் அவர்களுக்கெனவே எழுந்தவை. எங்கள் பாட்டன்மார் அப்புல்லை வெட்டினர், பையைச் சுமந்தனர், பந்தைத் தேடிக் கொடுத்தனர். அங்கத்துவப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் வசமாகித் துரைமார் அகன்றபின், உள்ளூரில் வேர்பிடிக்காத கழகங்கள் நலிவுற்றன. வாயிலைத் திறந்து புதியவரை ஏற்றவை நின்றன. பை சுமந்தவர்களிடையேயிருந்து சிறந்த ஆட்டக்காரர் தோன்றினர். நந்தசேன பெரேரா அவர்கள் அவ்வாறு உயர்ந்தவர். அவர் மைந்தர் மிதுன் பெரேரா ஆசியப் போட்டிகளில் ஆடியவர். இன்று இலங்கையின் தொழில்முறை ஆட்டக்காரர் வரிசையில் என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்னும் தமிழ்ப் பெயர்களும் விளங்குகின்றன. இச்செய்தியை மாமாவிடம் கூறியபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்போ பை தூக்குனது வீண் போகல," என்றார்.

இனி என் கதைக்கு வருகின்றேன். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து, இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் நியமனம் பெற்றேன். 2009 ஆம் ஆண்டில் அத்தோட்டத்து இளைஞரைக் கூட்டி ஒரு மன்றம் அமைத்தோம். பயன்படாதிருந்த பழைய பிள்ளைக்காம்பிராவைத் தோட்ட நிருவாகம் தந்துதவியது. ஒரு கரம் பலகை, ஒரு கரப்பந்து, ஓர் அலுமாரி நிறையப் புத்தகங்கள்: இவையே எங்கள் சொத்து. சேர்ந்தோர் 42 பேர். நான் செயலாளன்.

நான் உண்மையாக உழைத்தேன். கூட்ட அறிக்கை எழுதியவன் நான். பந்துக்குக் காற்றடித்தவன் நான். புத்தகங்களுக்கு இலக்கமிட்டவனும், திறப்பை இடுப்பில் முடிந்து திரிந்தவனும் நானே. போட்டிகள் நடந்தன, ஒவ்வொரு முறையும் அதே நால்வர் வென்றனர். இரண்டாம் ஆண்டில் வருகை பாதியாயிற்று. 2013 ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வந்தோர் 6 பேர். நான் சினந்தேன். "உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்கிறேன், நன்றியில்லாத கூட்டம்!" என்று கடிந்தேன்.

அப்பொழுது, முன்பு என்னிடம் படித்து இடையில் பாடசாலையை விட்டு இறப்பர் பால் வெட்டப் போன இளைஞன் ஒருவன் தலைகுனிந்தவாறு சொன்னான்: "கோவிச்சுக்காதீங்க சேர். எல்லாத்தையும் நீங்களே செஞ்சிடுறீங்க. வெளையாட்டுல அந்த நாலு பேருதான் ஜெயிக்கிறாங்க. நாங்க வந்து என்ன செய்ய?"

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாமா அடுப்புக்கரியால் இட்ட கோடு நினைவுக்கு வந்தது. பாட்டன்மாருக்குப் பதிவேட்டில் இடமில்லை என்று குறைகூறிய நான், என் மன்றத்தின் பதிவேட்டில் நாற்பத்திருவர் பெயரை எழுதிவைத்து, ஒருவருக்கும் இடமில்லாமற் செய்திருந்தேன். அவர்களை நான் வேலியோரத்தில் நிறுத்திவிட்டேன். தொண்டு என்று நான் எண்ணியிருந்ததன் உள்ளே தன்முனைப்பு ஒளிந்திருந்தது.

மறுவாரமே சலுகைக் கணக்கைக் கரம் ஆட்டத்திற்குக் கொண்டுவந்தோம். 25 புள்ளி ஆட்டத்தில் வல்லவர் பூச்சியத்திலிருந்து தொடங்குவார். புதியவர் 10 இலிருந்து தொடங்குவார். இரு முறை தொடர்ந்து வென்றவருக்குச் சலுகையில் 2 குறையும். முதல் மாதத்திலேயே கொழுந்து மடுவத்தில் வேலை செய்யும் ஐம்பது வயதினர் ஒருவர் அந்த நால்வரில் ஒருவரை வென்றார். அன்று எழுந்த ஆரவாரம் லயம் வரை கேட்டதாம். திறப்பை அந்த இறப்பர் வெட்டும் இளைஞனிடம் ஒப்படைத்தேன். புத்தகம் ஒருவருக்கு, பந்து ஒருவருக்கு, கணக்கு ஒருவருக்கு என வேலைகளைப் பிரித்து, ஆண்டுதோறும் மாற்றினோம்.

இன்னொரு வாயிலும் மூடியே கிடந்தது. பெண்பிள்ளைகள் மன்றத்திற் சேரலாமா என்று கேட்டபோது மூத்தோர் தயங்கினர், நானும் தயங்கினேன். 2014 ஆம் ஆண்டு செப்டெம்பரில், 1754 இல் தோன்றிய சென் அன்றூஸ் கோல்ப் கழகம் முதன்முறையாகப் பெண்களை அங்கத்தவராக ஏற்க வாக்களித்த செய்தி வந்தது. ஒப்பியோர் 85 வீதத்தினர். 260 ஆண்டுப் பழைமையுடைய கழகமே மாறுமாயின், ஐந்தாண்டு மன்றத்துக்கு என்ன தடை? அச்செய்தியைக் கூட்டத்தில் வாசித்தேன். அவ்வாண்டு முடிவதற்குள் பதினொரு பெண்பிள்ளைகள் சேர்ந்தனர். புத்தக அலுமாரிக்கு அன்றுதான் விடிவு பிறந்தது.

இவ்வேற்பாடுகளின் பெறுமதி 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் விளங்கிற்று. இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் தாக்கிய அந்நாட்களில், எங்கள் கீழ் லயத்தின் பின்புற மண்மேடு இரவில் சரிந்தது. குடும்பங்கள் பாடசாலைக்கு வந்து சேர்ந்தன. பாதை தடைப்பட்டதால் நான் மறுநாள் நண்பகலுக்குப் பின்னரே அங்கு செல்ல முடிந்தது. போய்ப் பார்த்தால், மன்றப் பிள்ளைகள் கரம் புள்ளிப் புத்தகத்தின் பின்பக்கங்களில் குடும்ப விவரங்களை எழுதி முடித்திருந்தனர். ஒரு குழு அரிசி சேர்க்கின்றது. ஒரு குழு முதியோரைக் கவனிக்கின்றது. திறப்பு வைத்திருந்தவன் மன்றத்தைத் திறந்து பால்குடிப் பிள்ளைகளையும் தாய்மாரையும் அங்கே தங்கவைத்திருக்கின்றான். எவரும் என் வருகைக்காகக் காத்திருக்கவில்லை. எனக்குச் செய்ய ஒரு வேலையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதைக் காட்டிலும் பெரிய பரிசை எந்த மாணவரும் எனக்குத் தந்ததில்லை.

இன்றும் குறைகள் பல உள. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகின்றனர். மன்றத்தின் வல்லவர்கள் ஒவ்வொருவராகக் குறைகின்றனர். ஆயினும் போனவன் தீபாவளிக்கு ஊர் வந்தால் முதலில் மன்றத்து வாயிலைத்தான் எட்டிப் பார்க்கின்றான். அவன் பெயர் அங்கே சுவரில் இருக்கின்றது. 2019 இல் நான் செயலாளர் பதவியிலிருந்து விலகினேன். அடுத்த கூட்டத்திற்குச் சற்றுத் தாமதித்துச் சென்றேன், கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. உள்ளத்தில் ஒரு சிறு முள் தைத்தது. உடனே அது மகிழ்ச்சியாக மாறியது. கதவோரத்துக் கதிரையில் அமர்ந்து, ஓர் அங்கத்தவனாகக் கையுயர்த்தி வாக்களித்தேன்.

அன்பார்ந்த பழைய மாணவரே, தோட்டத்து மாரியம்மன் தேரை இழுக்கும்போது எவரும் "என் பலம் போதாது" என்று விலகி நிற்பதில்லை. வடத்தில் ஒரு பிடி கிடைத்தவன் தேர் நிலைக்கு வரும் வரை அதை விடுவதுமில்லை. நம் சங்கத்தின் வடத்தைச் சிலர் மட்டும் இழுத்துக் களைத்துப் போயினர். வடத்தில் பிடி கிடைக்காதோர் வீதியோரத்தில் நின்று வீடு திரும்பினர். பிழை இரு சாராரிடமும் இல்லை; வடம் நீட்டப்படவில்லை, அவ்வளவே. இவ்விழா ஆண்டில் சந்தாவைக் கேட்குமுன் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு வேலையைக் கேட்போம். ஒருவர் நூலகத்துக்குப் புத்தகம் திரட்டலாம். ஒருவர் ஏழை மாணவன் ஒருவனின் விடுதிச் செலவைப் பார்க்கலாம். மலைநாட்டு மூலையிலிருக்கும் என்போன்றோர் புதிய மாணவரை அனுப்பிவைக்கலாம். பெரும்பதவியில் உள்ளோரும், பேருந்துக் கட்டணத்தை எண்ணிப் பார்த்து வருவோரும் ஒரே வரிசையில் அமரும் சலுகைக் கணக்கொன்று நம்மிடமும் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்திற்கும் நான் அதே புகையிரதத்தில், அதே புற்றரையைக் கடந்து வருவேன். மேசைகள் பல வேண்டியிருக்குமென நம்புகின்றேன். வாழ்க நம் கல்லூரி!