ரைன் ஆற்றின் கல்லும் சுங்கமும்

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, ஏறத்தாழ 1,230 கிலோமீட்டர் ஓடி, நெதர்லாந்தில் வடகடலைச் சேரும் ரைன் ஆற்றின் கரைகளில் இடைக்கால ஐரோப்பாவின் பேராலயங்களும் கோட்டைகளும் நெருங்கி நிற்பதைப் போல வேறோர் ஆற்றங்கரையில் காண்பது அரிது. பேராலயம் என்பது ஒரு மறைமாவட்டத்து ஆயரின் இருக்கை அமைந்த தலைமைக் கோயில். கோட்டை என்பது ஒரு பிரபு தன் குடும்பத்தோடும் வீரர்களோடும் வாழ்ந்துகொண்டே தன் நிலத்தையும் அதன் வழிகளையும் காத்த அரண். முன்னது பக்தியின் விளைவு, பின்னது போரின் விளைவு என்று இரண்டையும் பிரித்துப் பேசுவது வழக்கமாக இருந்தாலும், ரைன் கரைக் கட்டடங்களை ஆற்றின் போக்கிலேயே பார்த்துவருபவருக்கு அந்தப் பிரிவினை நிலைக்காது. இரண்டையும் எழுப்பியவர்கள் பல இடங்களில் ஒரே மனிதர்கள். இரண்டுக்கும் வேண்டிய கல்லைச் சுமந்துவந்தது அதே ஆறு. செலவான பணத்திலும் ஒரு பங்கு அந்த ஆற்றில் சென்ற படகுகளிடம் வசூலானதே.

மலையிலிருந்து இறங்கும் முன் ரைன், பின் ரைன் என்னும் இரு கிளைகள் ஒன்றுசேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, 1272இல் அர்ச்சிக்கப்பட்ட கூர் நகரின் பேராலயம் நிற்கிறது. பின்னர் ஆறு கொன்ஸ்டன்ஸ் ஏரிக்குள் புகுந்து வெளியேறுகிறது. அந்த ஏரிக்கரையிலுள்ள கொன்ஸ்டன்ஸ் நகரின் பேராலயத்தில்தான், மூவர் ஒரே காலத்தில் திருத்தந்தை பதவிக்கு உரிமை கொண்டாடிய குழப்பத்தைத் தீர்ப்பதற்காக, 1414 முதல் 1418 வரை திருச்சபையின் பொதுச்சங்கம் கூடியது. ஷாஃப்ஹவுசன் அருகே அருவியாக விழும் ஆற்றைப் படகுகள் கடக்க முடியாததால், சரக்கை இறக்கி வண்டியில் ஏற்றவேண்டிய கட்டாயமே அந்த ஊரை வணிக நகராக வளர்த்தது. அருவிக்கு நேர் மேலே லாவ்ஃபன் கோட்டை அமர்ந்திருக்கிறது. ஆற்றில் தடை நேரும் இடமெல்லாம் ஒருவருக்கு வருமானம் என்பதை ரைன் இங்கேயே காட்டத் தொடங்குகிறது.

ஆறு வடக்கே திரும்பும் பாசெல் நகரில் சிவப்பு மணற்கல்லால் ஆன பேராலயம் ஆற்றைப் பார்த்தபடி மேட்டின்மேல் நிற்கிறது. 1356 அக்டோபர் 18 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் அதன் கோபுரங்கள் இடிந்தன. பின்னர் முகப்பின் இரண்டு கோபுரங்கள் மட்டுமே எழுப்பப்பட்டு, அவற்றில் இரண்டாவது 1500இல் முடிந்தது.

ஆற்றை ஒட்டிய சமவெளியில், துணையாறான இல்லின் கரையிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்துக்கு வோஷ் மலையின் இளஞ்சிவப்பு மணற்கல் வந்தது. 1176இல் தீக்கு இரையான பழைய ஆலயத்தின் இடத்தில் தொடங்கிய திருப்பணி, கனத்த சுவர்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட ரோமனெஸ்க் பாணியில் தொடங்கி, கூர்நுனி வளைவுகளும் அகன்ற சாளரங்களும் கொண்ட கோதிக் பாணியில் முடிந்ததால், ஒரே கட்டடத்துக்குள் நடந்தபடியே இரு யுகங்களைக் கடக்க முடிகிறது. 1262இல் நகரமக்கள் தங்கள் ஆயரைப் போரில் வென்றனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் திருப்பணியின் நிர்வாகம் ஆயர் தரப்பிடமிருந்து நகரசபையின் கைக்கு மாறியது. எர்வின் ஃபான் ஸ்டைன்பாக் என்னும் தலைமைக் கொத்தனாரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மேற்கு முகப்பு 1277இல் தொடங்கியது; 142 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கூர்ங்கோபுரம் 1439இல் நிறைவேறியது. அந்தத் திருப்பணியை நடத்திய நிறுவனம் இன்றும் கல் செதுக்கி ஆலயத்தைப் பேணிவருகிறது. முகப்புக்காகத் தோல்தாளில் தீட்டப்பட்ட 13ஆம் நூற்றாண்டு வரைபடங்களும் அதனிடம் உண்டு. இடைக்காலக் கொத்தர்கள் வரைபடமின்றிக் கைப்பழக்கத்தால் மட்டுமே கட்டினார்கள் என்னும் எண்ணத்தை அந்தத் தோல்தாள்கள் முற்றாக மறுக்கின்றன.

ஸ்பேயர் பேராலயத்தில் நிதானமாக நிற்கவேண்டும். பேரரசர் இரண்டாம் கொன்ராட் 1030ஆம் ஆண்டளவில் தம் குலத்தின் கல்லறைக் கோயிலாக இதைத் தொடங்கினார். 1061இல் அர்ச்சிப்பு நடந்தது. அப்போது நடுமண்டபத்துக்கு மரத்தாலான தட்டைக் கூரையே இருந்தது. இருபது ஆண்டுகள் கழிந்து, கொன்ராட்டின் பேரரான நான்காம் ஹென்றி, நன்றாகவே நின்றுகொண்டிருந்த அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதியைப் பிரித்து, நடுமண்டபம் முழுவதுக்கும் கல்லால் குறுக்குவளைவுக் கூரை எழுப்பச் செய்தார். ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரண்டு அரைவட்டக் கூரைகளின் சேர்க்கையே குறுக்குவளைவு. அதில் கூரையின் பாரம் நான்கு மூலைகளில் குவிவதால், சுவர் முழுவதையும் தடிமனாக்காமல் அந்த மூலைகளின் தூண்களை மட்டும் வலுப்படுத்தினால் போதும். ஆகவே ஸ்பேயரில் ஒன்றுவிட்டு ஒரு தூணுக்கு முன்பாகக் கூடுதல் அரைத்தூண்கள் வைக்கப்பட்டன. 134 மீட்டர் நீளமும், நடுமண்டபத்தில் ஏறத்தாழ 33 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கட்டடத்தில் இதைத் துணிந்த கொத்தர்களின் கணக்கறிவு, பின்னாளைய கோதிக் சாதனைகளுக்குச் சற்றும் குறைந்ததன்று. கோதிக் கோபுரங்களைப் பார்த்து வியப்பவர்கள் ஸ்பேயரைக் கடந்துபோவது நியாயமாகாது.

இத்தனையும் செய்வித்த ஹென்றி, திருத்தந்தையோடு பகைத்துத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்ட நிலையிலேயே 1106இல் இறந்தார். அவர் உடல், தாம் கட்டிய பேராலயத்தினுள் புதைக்கப்படாமல், அருகில் அப்போது அர்ச்சிக்கப்படாதிருந்த சிறு ஆலயத்தில் ஐந்து ஆண்டுகள் கிடந்து, தடை நீங்கிய 1111இல்தான் முன்னோரின் கல்லறைகளோடு சேர்ந்தது. 1689இல் பதினான்காம் லூயியின் படை ஸ்பேயர் நகரை எரித்தபோது நடுமண்டபத்தின் மேற்குப் பாதி வீழ்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் அதைத் திரும்பக் கட்டியவர்கள் தம் காலத்துப் பாணியைப் புகுத்தாமல் பழைய வடிவத்தையே பின்பற்றினர். அந்தக் காலத்துக்கு அது அரிய அடக்கம்.

வோர்ம்ஸ் பேராலயம் சிறியது. கிழக்கிலும் மேற்கிலும் பீடம் கொண்ட அதன் அமைப்பு மைன்ஸிலும் காணப்படுகிறது. மைன்ஸில் பேராயர் வில்லிகிஸ் கட்டிய பெருங்கோயில் 1009இல் அர்ச்சிப்பு விழாவை ஒட்டியே எரிந்துபோயிற்று. ஆனால் மைன்ஸின் சிறப்பு கட்டடத்தைவிட அதன் பேராயரின் பதவியில் இருக்கிறது. ஜெர்மன் மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எழுவருக்கு உண்டென்று 1356இல் பொன்முத்திரைச் சாசனம் உறுதிப்படுத்தியபோது, அந்த எழுவரில் மைன்ஸ், ட்ரியர், கொலோன் பேராயர்கள் மூவரும் இடம்பெற்றனர். மறைமாவட்டத்தை ஆண்டதோடு, நிலத்தை ஆண்டு, படை வைத்து, சுங்கம் வாங்கிய அரசர்களாகவும் அவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்தால், இதற்குக் கீழே ஆற்றங்கரையில் தென்படும் எதுவும் விளங்காது.

பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டருக்கு ரைன் செங்குத்தான மலைகளுக்கிடையே குறுகி ஓடுகிறது. பாறைகளும் சுழல்களும் நிறைந்த இந்த இடுக்கில் படகுகள் விலகிச்செல்ல வேறு வழியில்லை. ஆகவே சுங்கம் பிரிப்பதற்கு இதைவிட வாய்ப்பான இடமும் இல்லை. ஆற்றில் சுங்கம் வாங்கும் உரிமை மன்னருக்குரியது. அவர் அதை அருளாகவோ கடனுக்கு ஈடாகவோ பிரபுக்களுக்கும் பேராயர்களுக்கும் அளிப்பார். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் மன்னராட்சி தளர்ந்தபோது, உரிமை பெற்றவர்களோடு பெறாதவர்களும் வாங்கத் தொடங்கினர். பிங்கனுக்கு எதிர்க்கரையில் எரன்ஃபெல்ஸ் கோட்டையும் ஆற்றுத்தீவில் எலிக்கோபுரம் என்று பெயர்பெற்ற காவற்கோபுரமும் மைன்ஸ் பேராயரின் சுங்கத்துக்காக நின்றன. கட்சனெல்ன்போகன் பிரபு ஐந்தாம் டீதர் 1245இல் ரைன்ஃபெல்ஸ் கோட்டையைக் கட்டிச் சுங்கத்தை உயர்த்தியபோது, வணிக நகரங்கள் 1254இல் உருவாக்கிய ரைன் கூட்டணியின் படை அதைச் சுமார் ஓராண்டு முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. வழிப்பறிக் கோட்டைகளாக மாறிய ரைக்கன்ஸ்டைனையும் ஸோனெக்கையும் தகர்ப்பதற்கு, 1282இல் ஹாப்ஸ்பர்க் குலத்து மன்னர் ருடால்ஃப் படையோடு வரவேண்டியதாயிற்று.

இக்கோட்டைகளின் கட்டடக்கலையைச் சுங்கமே வடிவமைத்தது. 1327இல் பவேரியரான லுட்விக் மன்னர் கௌப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுப்பாறையில் எழுப்பிய ஃபால்ஸ், ஐங்கோணக் கோபுரம் ஒன்றாகத் தொடங்கி, சில ஆண்டுகளில் அறுகோணச் சுற்றுமதில் பெற்றது. நீரோட்டத்தை எதிர்நோக்கிய அதன் முனை, கப்பலின் முன்புறம் போலக் கூராக அமைந்து, குளிர்காலத்தில் மிதந்துவரும் பனிக்கட்டிகளைப் பிளந்து விலக்குகிறது. மலைமேல் உள்ள கோட்டைகளில், கடைசிப் புகலிடமாகவும் காவல்மேடாகவும் உதவும் தலைக்கோபுரம் நடுவில் நிற்க, வாயிலிலிருந்து அதை அடைவதற்குள் எதிரி பல வாயில்களைத் தாண்டவேண்டியவாறு பாதை வளைந்து ஏறும். இந்த அமைப்பைக் குலையாமல் காண விரும்புவோர் பிரௌபாக் ஊரின் மேலுள்ள மார்க்ஸ்பூர்குக்கே செல்லவேண்டும்; இப்பகுதி மலைக்கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாதது அது ஒன்றே. மற்றவற்றில் பல, 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் போர்களில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

அவ்வாறு 1689இல் அழிந்த ஒன்று, ட்ரியர் பேராயரின் சுங்கக் கோட்டையான ஸ்டோல்சன்ஃபெல்ஸ். பிரஷ்ய இளவரசராக இருந்தபோது அதன் சிதிலத்தைப் பரிசாகப் பெற்ற நான்காம் ஃபிரெடெரிக் வில்ஹெல்ம், அதைத் தம் அரண்மனையாகப் புதுக்கிக் கட்டினார். அரசரான பின், 1842இல் அது திறக்கப்பட்ட அதே செப்டம்பர் மாதத்தில்தான், கொலோன் பேராலயத்தின் முற்றுப்பெறாத பணியை மீண்டும் தொடங்கும் அடிக்கல்லையும் அவர் நாட்டினார்.

கொலோனை அடையுமுன் பான் நகருக்கு எதிரே டிராகன்ஃபெல்ஸ் மலை தென்படுகிறது. அதன் உச்சியில் 12ஆம் நூற்றாண்டின் நடுவில் கோட்டை கட்டத் தொடங்கியவர் கொலோன் பேராயர் ஒருவர். அந்த மலை டிராக்கைட் என்னும் எரிமலைப்பாறையால் ஆனது. 13ஆம் நூற்றாண்டில் கொலோனில் புதிய பேராலயம் எழுந்தபோது, கோட்டையின் காவலர் குடும்பம் அந்தப் பாறையை வெட்டி விற்றுச் செல்வம் சேர்த்தது. மலையடிவாரத்தில் படகேற்றிய கல், நீரோட்டத்தின் திசையிலேயே, இழுப்பவர் தேவையின்றிக் கொலோனை அடைந்தது. பேராலயத்துக்குக் கல் கொடுத்த மலை, தான் தாங்கிய கோட்டையின் அடித்தளத்தை இழந்துகொண்டே வந்தது. முப்பதாண்டுப் போரில் பாழாக்கப்பட்ட கோட்டையின் சுவர்ப்பகுதி 1828இல் சரிந்த பிறகு, 1836இல் பிரஷ்ய அரசு உச்சியை விலைக்கு வாங்கிக் கல்வெட்டுவதை நிறுத்தியது. ரைன் கரையில் கோட்டைக்கும் பேராலயத்துக்கும் இருந்த உறவை இம்மலையைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

கொலோன் பேராலயத்தின் தொடக்கம் 1164இல், கீழ்த்திசை ஞானியர் மூவருடையவை என்று போற்றப்பட்ட புனித எலும்புகளைப் பேராயர் ரைனால்ட் ஃபான் டாசல் மிலானிலிருந்து கொண்டுவந்ததில் இருக்கிறது. திருப்பயணிகள் திரண்டனர், காணிக்கை பெருகியது. 1248இல் பழைய ஆலயம் எரிந்ததும், பேராயர் கொன்ராட் ஃபான் ஹோக்ஸ்டாடன் ஆகஸ்டு 15 அன்று புதியதற்கு அடிக்கல் நாட்டினார். கொலோனைக் கடக்கும் வணிகர் தம் சரக்கை இறக்கி மூன்று நாள் நகரமக்களுக்கு விற்பனைக்கு வைக்கவேண்டும் என்னும் உரிமையை 1259இல் நகருக்கு உறுதிசெய்தவரும் அவரே. தலைமைக் கொத்தனார் கெர்ஹார்ட், பிரான்சின் அமியான் பேராலயத்தை மனத்தில் கொண்டு, 43 மீட்டர் உயரத்துக்கு உட்கூரையைத் திட்டமிட்டார். அந்த உயரத்தைச் சாத்தியமாக்கியவை மூன்று: பாரத்தைச் செங்குத்தாகக் கீழிறக்கும் கூர்வளைவு, கூரையைத் தாங்கும் எலும்புக்கூடான விலாவளைவு, உட்கூரை வெளிநோக்கித் தள்ளும் விசையைச் சுவருக்கு அப்பாலுள்ள தூண்களுக்குக் கடத்தும் சாய்ந்த உதைவளைவு. சுவர் சுமையிலிருந்து விடுபட்டதால் அதன் இடத்தைக் கண்ணாடி நிரப்பியது.

1288இல் வோரிங்கன் போரில் தோற்ற பேராயர் நகரின் மீதான ஆட்சியை இழந்தபோதும் பணி நிற்கவில்லை. பீடப்பகுதி 1322இல் அர்ச்சிக்கப்பட்டது. பின்னர் வேகம் குறைந்து, 16ஆம் நூற்றாண்டில் அடியோடு நின்றது. பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் உச்சியில் பாரந்தூக்கி 1868 வரை இருந்தது. காணாமற்போயிருந்த இடைக்கால முகப்பு வரைபடத்தின் ஒரு பாதி 1814இல் டார்ம்ஸ்டாட்டிலும் மறுபாதி 1816இல் பாரிசிலும் கிடைக்க, அதன்படியே 157 மீட்டர் உயரக் கோபுரங்கள் எழுந்து 1880இல் திருப்பணி முடிந்தது. கூரைச் சட்டம் மட்டும் மரத்துக்குப் பதில் இரும்பாலானது. 19ஆம் நூற்றாண்டுப் பகுதியைப் போலி என்று ஒதுக்குவோர் உண்டு; முதற்கொத்தர்களின் கோட்டுக்கு இத்தனை பணிவோடு நடந்த வேலையை அவ்வாறு அழைப்பது பொருந்தாது.

நெதர்லாந்தில் ரைன் பல கிளைகளாகப் பிரிகிறது. பழைய கிளை ஒன்றின் கரையிலுள்ள உட்ரெக்ட் நகரில், 1254இல் தொடங்கிய கோதிக் பேராலயமும், 1321 முதல் 1382 வரை கட்டப்பட்ட 112 மீட்டர் உயரக் கோபுரமும் உள்ளன. பணத்தட்டுப்பாட்டால் நடுமண்டபத்துக்குத் திட்டமிட்ட கல் உட்கூரையும் போதிய உதைவளைவுகளும் வாய்க்கவில்லை. 1674 ஆகஸ்டு 1 அன்று வீசிய புயலில் அந்த நடுமண்டபம் முற்றாக வீழ்ந்தது. இடிபாடுகள் ஒன்றரை நூற்றாண்டு கிடந்து 1826இல் அகற்றப்பட்டன. கோபுரத்துக்கும் எஞ்சிய பீடப்பகுதிக்கும் இடையே நடுமண்டபம் இருந்த நிலம் இன்று பொதுச் சதுக்கமாக இருக்கிறது. அந்தக் கிளையின் தலைப்பை 1122இலேயே அணைகட்டி அடைத்துவிட்டதால், பெருநீர் வேறு கிளைகள் வழியே ராட்டர்டாமை நோக்கித் திரும்பியது. மணல் மூடிப்போன அதன் பழைய முகத்துவாரத்துக்கு, காட்வைக் ஊரில் 1807இல் திறக்கப்பட்ட மதகின் வழியாகவே மீண்டும் கடலோடு தொடர்பு உண்டானது.