கரை சேர்த்த கல்வி

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளியில் கால்வைக்கும் இடம் பாபநாசம். அதனை அடுத்துள்ள விக்கிரமசிங்கபுரம் என் ஊர். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி எனப் பேருந்தில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் ஆற்றை மீண்டும் காணலாம். அங்கே மேற்குக் கரையில் திருநெல்வேலி. கிழக்குக் கரையில் பாளையங்கோட்டை. ஒன்று கோயிலாலும் கடைவீதியாலும் வளர்ந்தது. மற்றொன்று பள்ளிகளாலும் கல்லூரிகளாலும் வளர்ந்தது. 1843ஆம் ஆண்டு சுலோசன முதலியார் தம் பொருளைச் செலவிட்டுக் கட்டிய பாலம் இவ்விரண்டையும் இணைக்கிறது.

எங்கள் ஊர் ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து, ஆலைச் சங்கின் ஓசைக்கு உறங்கிய ஊர். அருவியின் ஆற்றலை நம்பிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே நூற்பாலை எழுந்தது. என் தந்தை அதில் நூல் நூற்றார். தாய் பிறர் வயல்களில் நாற்று நட்டார். ஆயினும் கல்விக்காக ஊரைவிட்டுப் புறப்படுதல் எங்களுக்குப் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வூரில் பிறந்த மாதவச் சிவஞான முனிவர் இளமையிலேயே திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்து கற்றார். சிவஞானபோதத்திற்கு மாபாடியம் எழுதும் அளவுக்கு உயர்ந்தார். அக்காலத்தில் மடங்களே நம் பல்கலைக்கழகங்கள். ஆனால், அவற்றின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஆலைத் தொழிலாளியின் மகனாகிய நான் உள்ளே நுழைய வேறொரு நகர் தேவைப்பட்டது.

கோட்டையைப் பெயரில் தாங்கிய பாளையங்கோட்டை கல்விக்குப் பெயர்பெற்ற வரலாறு நெடியது. 1820இல் இங்கு வந்த ஜெர்மானியர் ரேனியஸ், சமயப் பணியோடு பள்ளிகளையும் நிறுவினார். தமிழ் இலக்கணம் எழுதினார். ‘பூமி சாஸ்திரம்’ என்னும் பாடநூலைத் தமிழில் ஆக்கினார். பின்னர்த் தூய யோவான் கல்லூரி 1878இலும், பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தோன்றின. 1960களில் சித்த மருத்துவக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் வந்தன. 1971இல் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி எழுந்தது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பெயரால் பல்கலைக்கழகம் ஆற்றின் மேற்கே அபிசேகப்பட்டியில் அமைந்தது. பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் இந்நகரில் பள்ளிகள் தொடங்கப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் என்பதை எண்ணும்போது வியப்பு மிகுகிறது.

இந்நகரைத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்பர். எனக்கோ ஆக்ஸ்போர்டைவிட ஜெர்மனியின் டூபிங்கன் நகரே நினைவுக்கு வரும். நெக்கார் ஆற்றங்கரையில் அமைந்த அந்நகரில் 1477இல் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட கெப்ளர் அங்கே பயின்றவர். நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 90,000. மாணவர் எண்ணிக்கையோ அதில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குவது. அப்பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஹெர்மன் குண்டர்ட் 1836இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலியில் ரேனியசோடு பணியாற்றித் தமிழறிவு பெற்றார். பிற்காலத்தில் மலையாளத்திற்கு இலக்கணமும் அகராதியும் தந்தவர் அவரே. அவருடைய பேரர் ஹெர்மன் ஹெஸ்ஸே டூபிங்கன் புத்தகக் கடையொன்றில் பணிபுரிந்தவர். பின்னாளில் ‘சித்தார்த்தா’ என்னும் புதினத்தைப் படைத்தவர். நெக்கார்க் கரையில் கற்ற ஒருவர் பொருநைக் கரையில் மீண்டும் மாணவராக அமர்ந்தார் என்பது, கற்றோர்க்குக் கற்றல் முடிவதில்லை என்பதை எனக்கு உணர்த்தியது.

பாளையங்கோட்டையின் ஆண்டு, சூன் மாதத்தில் பிறக்கும். அம்மாதத்தில் தகரப் பெட்டியோடும் பாயோடும் தலையணையோடும் பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்குவர். விடுதிகள் நிரம்பும், உணவகங்களில் கணக்கேடுகள் புதிதாகத் திறக்கப்படும், தேர்வு விடுமுறையில் தெருக்கள் ஓய்ந்து கிடக்கும். கடலோரச் சிற்றூரான், கரிசல் காட்டு விவசாயி மகன், மலையடிவாரத்து ஆலைக்காரன் பிள்ளை என ஓர் அறையில் மூவர் தங்கியிருந்தோம். ஒருவர் ஊர்ப் பேச்சை மற்றவர் நகைத்தோம். ஆண்டு முடிவதற்குள் ஒருவர் சொல்லை மற்றவர் பேசினோம். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் படிப்பையும் நகரே தந்தது.

ஆயினும் ஓர் ஐயம் என்னை வருத்தியது. ஆறு எங்கள் ஊரிலிருந்து நகருக்கு நீரைக் கொண்டுவருகிறது. நாங்களும் அவ்வாறே வந்தோம். நகர் எங்கள் ஊருக்குத் திருப்பித் தந்தது என்ன? படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். ஊரில் எஞ்சியவை அவர்கள் அனுப்பிய பணவிடைகள் மட்டுமா?

இதற்கான விடையை இந்நகரின் அறிஞர் சிலர் வாழ்ந்து காட்டியுள்ளனர். பேராசிரியர் நா. வானமாமலை பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவாறே நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார்; ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார். எங்கள் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் வழிபடப்பெறும் முத்துப்பட்டனின் கதைப்பாடலைப் பதிப்பித்தவரும் அவரே. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராக விளங்கிய தொ. பரமசிவன், உப்பையும் எண்ணெயையும் உணவையும் உடையையும் ஆய்வுப் பொருளாக்கினார்.

அவ்வழியில் வந்த எங்கள் பேராசிரியர் ஒருவர், விடுமுறையில் அவரவர் ஊர்ப் பாடல்களைத் தொகுத்து வரப் பணித்தார். நான் என் தாயிடம் அமர்ந்து நடவுப் பாட்டுகளைக் கேட்டு எழுதினேன். அவர் எழுத்தறியாதவர். பாடல்களைப் படித்த பேராசிரியர், ஒரு சொல்லுக்குப் பொருள் விளங்காமல், “இதை உன் அம்மாவிடம் கேட்டு வா” என்றார். நான் ஊருக்குச் சென்று கேட்டபோது தாய் திகைத்தார். “ஏய்யா, பெரிய படிப்புப் படிச்சவுகளுக்கு எங்கிட்டயா சந்தேகம்?” என்றார். பிறகு அச்சொல்லை விளக்கினார். நாற்றுமுடியை அவிழ்த்து வயலில் பரப்பும் முறையைக் கையசைத்துக் காட்டினார். இறுதியில் குலவையிட்டும் காட்டினார். அன்று அவர் முகத்தில் இருந்த நிமிர்வை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பட்டம் எனக்கு வேலை தந்தது. அந்த ஒரு வினாவோ என் தாயை ஆசிரியராக்கியது. ஒரு நகரைக் கல்வி நகர் என்று சொல்ல, அதன் கல்லூரிகளை எண்ணினால் போதாது. அந்நகர் யாரிடமெல்லாம் கேட்டுக் கற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இப்போது எங்கள் வயல்களிலும் நடவு இயந்திரம் இறங்கிவிட்டது. குலவையிடும் பெண்கள் குறைந்துவருகின்றனர். நாளை உங்களுள் பலர் பெட்டியோடு ஏதேனும் ஒரு கல்வி நகரில் சென்று இறங்குவீர்கள். செல்லும்முன் உங்கள் வீட்டு மூத்தோரிடம் ஒரு பொழுது அமர்ந்து, அவர்கள் அறிந்தவற்றுள் சிலவற்றையேனும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்நகருக்கு நீங்கள் கொண்டுசெல்லும் முதல் நூல் அதுவாகட்டும்.