சேப்பாக்கத்து ஞாயிறும் கொழுந்துக் கூடையும்

1999 ஜனவரி 31 அன்று சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியா 12 ஓட்டங்களில் பாகிஸ்தானிடம் தோற்றது. வெற்றி இலக்கு 271. 82 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் வீழ்ந்த நிலையிலிருந்து சச்சின் டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் இணைந்து 136 ஓட்டங்கள் சேர்த்தனர். கடும் முதுகுவலியோடு ஆடிய சச்சின், தாமும் 136 ஓட்டங்கள் எடுத்திருந்த நிலையில், சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்து வாசிம் அக்ரமிடம் பிடிபட்டார். அப்போது தேவைப்பட்டவை 17 ஓட்டங்கள். எஞ்சியிருந்தவை மூன்று விக்கெட்டுகள். அடுத்த நான்கு ஓட்டங்களுக்குள் மூன்றும் விழுந்தன.

பதிவேடு சொல்வது இவ்வளவே. கேரளத்தின் தமிழ் எல்லையில் அன்று சிறுவர்களாக இருந்தவர்களின் நினைவில் அந்த ஆட்டம் வேறு வடிவங்களில் வாழ்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவருக்கு அது ஓசையாகவே நினைவிருக்கிறது. தென்னந்தோப்பில் தாத்தாவின் வானொலிப் பெட்டி. சச்சின் ஆட்டமிழந்ததும் அரங்கம் அடங்கிப்போக, நிலையம் நின்றுவிட்டதென்று எண்ணிய தாத்தா பெட்டியைத் தட்டினார். பின்பு எழுந்த கைதட்டல் இந்தியாவுக்கானது என்று சிறுவன் துள்ளினான். வென்ற பாகிஸ்தான் அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று தட்டிய கைகள் அவை என்பது அவருக்குப் பின்னர்தான் தெரிந்தது.

தேவிகுளத்துக்காரர் ஒருவருக்கோ அது காட்சி. தேயிலைத் தோட்ட லயத்தில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரே வீட்டின் வாசற்படி. சச்சின் தலைகுனிந்து திரும்பும் அதே நேரத்தில், முதுகில் கொழுந்துக் கூடையோடு அவருடைய அம்மா மேட்டில் ஏறி வருகிறாள். அழும் மகனைக் கண்டு கூடையை இறக்காமலே நிற்கிறாள். அடுத்த மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். அவளுடைய முகம் தெளிவாகத் தெரியும் ஒரே நினைவு அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குடும்ப நிகழ்வில் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கிட்டாள்: "அன்னைக்கு ஞாயித்துக்கிழமைடா தம்பி. பனி கொட்டுற தை மாசத்துல ஞாயித்துக்கிழமை யாரு கொழுந்தெடுக்கப் போனா? அம்மா வீட்லதான் இருந்துச்சு, மாவாட்டிக்கிட்டு."

நாட்காட்டி அக்காவின் பக்கம் நின்றது.

நினைவு ஆய்வில் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தியை, வானொலியில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தபோது அறிந்ததாக உளவியலாளர் உல்ரிக் நைசர் பல்லாண்டுகள் நம்பியிருந்தார். டிசம்பரில் பேஸ்பால் ஆடப்படுவதில்லை என்பது பின்னாளில்தான் அவருக்கு உறைத்தது. அன்று ஒலிபரப்பானது அமெரிக்கக் கால்பந்தாட்டமாக இருக்கலாம் என்று வேறு ஆய்வாளர்கள் பிறகு சுட்டிக்காட்டினர். நினைவு என்பது நிழற்படம் அன்று, நம் வாழ்வும் வரலாறும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் நாம் நட்டுவைத்த கல் என்பதே நைசரின் கருத்து.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு ஓர் இலக்கணக் கருவியே இருக்கிறது. தான் கண்டதைச் சொல்பவர் 'வந்தாள்' என்பார். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்பவர் 'வந்தாளாம்' என்பார். ஓர் 'ஆம்' விகுதி, சாட்சியைச் செவிவழிச் செய்தியாக மாற்றிவிடுகிறது. அக்காவின் திருத்தத்தை ஏற்றால், அந்த மகன் தன் தாயைப் பற்றிய ஒரே நேரடிச் சாட்சியத்தை இழக்க வேண்டும். 'அம்மா அன்று வீட்டில் இருந்தாளாம்' என்று, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும்.

அவர் அக்காவை மறுக்கவில்லை. அந்தப் படி, அந்த மேடு, அந்தக் கூடை எல்லாமே அவர் கண்டவைதாம்; வேறு வேறு மாலைகளில் கண்டவை ஒரு தோல்வியின் அருகே வந்து சேர்ந்திருக்கலாம். ஒரு குழந்தை அழும்போது அம்மா வந்தாக வேண்டும். நினைவு அவளை வரவழைத்துவிட்டது.

அண்மையில் தம் மகனுக்கு அந்த ஆட்டத்தைச் சொன்னபோது அவர் 'ஆம்' விகுதியை இடம் மாற்றிக்கொண்டார். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமையாம், உங்க அத்தை சொல்றா," என்று தொடங்கியவர், சற்று நிறுத்திச் சொன்னார்: "நான் அழுதேன். அம்மா வந்தா."