மகன் கேட்ட டயர்

மோட்டார் சைக்கிள் ஒன்று சாலையில் விரைந்து செல்லும்போது நம் கண்ணில் படுவன அதன் வண்ணமும் ஓசையும் ஓட்டுபவரின் தோற்றமுமே. அந்த வண்டி தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு இடத்தில் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. முன் சக்கரத்தில் ஓர் உள்ளங்கைக்கும் குறைவு. பின் சக்கரத்தில் அதனினும் சற்றே மிகுதி. 174 கிலோ எடையுள்ள இயந்திரமும், அதன்மேல் அமர்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளையும், அந்த இரண்டு சிறு இடங்களை நம்பியே ஓடுகின்றனர்.

174 என்று நாங்கள் துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் மூத்த மகன் 2021ஆம் ஆண்டில் தன் ஊதியத்தில் வாங்கிய டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டியின் எடை அது. ஓசூரில் உருவான வண்டி தலைநகரில் எங்கள் வாயிலில் நிற்பதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நாள்தோறும் நொய்டாவிலிருந்து குருகிராமத்துக்கும், விடுமுறை நாட்களில் மலைச்சாலைகளுக்கும் சென்று வந்ததில் அதன் டயர்கள் தேய்ந்துவிட்டன. புதியன வாங்கவேண்டிய வேளையில் அவனுக்கு இன்னோர் ஆவலும் பிறந்தது. பெரு நொய்டாவில் 2011இல் திறக்கப்பட்ட புத்தா பன்னாட்டுப் பந்தயத் தடத்தில், பந்தய வீரரல்லாதவரும் தம் சொந்த வண்டியைக் கொண்டுசென்று ஓட்டிப் பழகும் நாட்கள் உண்டல்லவா? ‘டிராக் டே’ என்று இளைஞர் சொல்வது அதைத்தான். 2023இல் உலக மோட்டோ ஜிபி வீரர்கள் ஓடிய அதே தடத்தில் தானும் ஓடவேண்டும், அதற்குப் பந்தய ரக டயரே வேண்டும் என்றான். இரண்டு மாத காலம் எங்கள் வீட்டில் உணவு வேளைப் பேச்சு முழுவதும் டயரைப் பற்றியதாகவே இருந்தது.

தடத்துக்குப் போகாதே என்று நாங்கள் தடுக்கவில்லை. சென்னையில் வளர்ந்த மூத்த வாசகர்கள் சோழவரத்தை மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் ஆண்டுதோறும் நடந்த பந்தயங்களைக் காணக் குடும்பம் குடும்பமாகச் சென்ற தலைமுறை நம்முடையது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் அமைந்தது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே எழுந்தது. மேலும், நெடுஞ்சாலையில் இருப்பவை எவையும் தடத்தில் இல்லை. எதிரே வரும் லாரி இல்லை; குறுக்கே நடக்கும் எருமை இல்லை; வளைவில் கொட்டிக் கிடக்கும் மணல் இல்லை. விழுந்தால் உருண்டு ஓய வெளியிடமும், தூக்கிச் செல்ல ஆம்புலன்ஸும் ஆயத்தமாக நிற்கின்றன. வேகத்தை விரும்பும் பிள்ளை அதை யமுனை விரைவுச்சாலையில் தேடுவதைவிட அங்கே தேடுவது மேல் என்பதே எங்கள் முடிவு. வழக்கு டயரைப் பற்றியது மட்டுமே.

காற்றடைத்த டயரின் வரலாற்றிலும் ஒரு தந்தையும் மகனும் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்றே அதைச் செய்தார். 1845லேயே ராபர்ட் தாம்ஸன் என்பவர் இதே கருத்துக்கு உரிமை பெற்றிருந்தார். எனினும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது டன்லப்பைத்தான்.

இனி பொருளுக்கு வருவோம். பந்தய டயர் மென்மையான ரப்பரால் ஆனது. மென்மையானது நன்றாகப் பற்றும். ஆகவே அது எங்கும் சிறந்தது என்பது இளைஞரின் கணக்கு. இந்தக் கணக்கில் விடுபட்டது சூடு. ரப்பருக்குத் தன் குணத்தைக் காட்ட ஓர் அளவு வெப்பம் வேண்டும். எங்கள் இல்லத்தரசி இதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: “கல்லு காயாம தோசை வருமா?” அடுப்பில் வைத்த கல் சரியாகக் காய்ந்தால் தோசை அழகாக எழும்பும். காயாவிட்டால் ஒட்டிக்கொள்ளும், மிகக் காய்ந்தால் கருகும். டயரின் நிலையும் அதுவே. தடத்துக்கென்றே செய்த டயர் மிகுந்த சூட்டில்தான் வேலை செய்யும். அதனால்தான் பந்தய வீரர்கள் புறப்படுமுன் டயர்களுக்கு மின்சாரப் போர்வை போர்த்தி ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். அதன்பின் ஒவ்வொரு வளைவிலும் வண்டியைச் சாய்த்து, ஒவ்வொரு நேர்ப்பாதை முடிவிலும் கடுமையாகப் பிரேக் பிடித்து, அந்தச் சூட்டை ஆறாமல் காக்கிறார்கள். அலுவலகம் செல்பவன் சிவப்பு விளக்குக்கு விளக்கு நின்று செல்கையில் அந்தச் சூடு எங்கிருந்து வரும்?

தமிழகத்திலிருந்து வந்த நமக்கு இன்னொன்றும் எளிதில் தோன்றாது. நம் ஊரில் மார்கழி விடியலிலும் தரை அவ்வளவு குளிர்வதில்லை. தில்லியிலோ சனவரிக் காலையில் ஐந்தாறு டிகிரி. சாலைமேல் பனி ஈரம் வேறு. எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் ஓர் இளைஞர் இத்தகைய காலையொன்றில், விலையுயர்ந்த தட டயர்களுடன் வீட்டைவிட்டுப் புறப்பட்ட மூன்றாம் நிமிடத்தில், முதல் வட்டச் சந்திப்பிலேயே சறுக்கி விழுந்தார். வேகம் முப்பதுகூட இராது. காறை எலும்பு முறிந்தது. நல்ல டயர் ஏன் காலை வாரிற்று என்று அவர் பல நாள் வியந்தார். அது நல்ல டயர்தான். அந்தக் காலைக்கு உரியதன்று.

மழையைப் பற்றியும் சொல்லவேண்டும். டயரின் மேலுள்ள பள்ளங்கள் உலர்ந்த சாலையில் பற்றுக்காக ஏற்பட்டவை அல்ல. நீரை வழித்து வெளியேற்றுவதற்காக ஏற்பட்டவை. ஆகவே தட டயர்களில் அவை மிகக் குறைவு. ‘ஸ்லிக்’ எனப்படும் வழவழப்பு டயரிலோ ஒன்றுமே இல்லை. அதைச் சாலையில் ஓட்டுவது சட்டத்துக்கும் அறிவுக்கும் ஒவ்வாது. நெடும்பயணத்துக்கென்று அமைந்த டயர்கள் இதற்கு நேர்மாறு. சிலிகா கலந்த ரப்பரால் குளிரிலும் ஈரத்திலும் விரைவில் பற்றிக்கொள்ளும், நெடுநாள் உழைக்கும். மகனின் வண்டியில் ஏற்கெனவே இருந்தது அவ்வகைதான். ஆனால் அதைத் தடத்தில் இருபது நிமிடம் இடைவிடாமல் விரட்டினால், அளவுக்கு மீறிச் சூடேறி வழுக்கத் தொடங்கும்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வகை உண்டு. சாலைக்கென்றே செய்த விளையாட்டு ரக டயர். பிரெல்லி நிறுவனத்தின் டியாப்லோ ரோஸ்ஸோ வரிசையும், மிஷெலின் நிறுவனத்தின் பவர் வரிசையில் சாலைக்கு உரியனவும் இதைச் சேர்ந்தவை. இவ்வகையில் பலவற்றின் பின் டயரில் நடுப்பகுதிக்கு உறுதியான ரப்பரும் இரு ஓரங்களுக்கு மென்மையான ரப்பரும் அமைத்திருப்பார்கள். காரணம் எளியது. நெடுஞ்சாலையில் நேராக ஓடும்போது தேய்வது நடுப்பகுதி. வளைவில் சாயும்போது பற்றவேண்டியது ஓரம். முழுவதும் மென்மையான டயரை நேர்சாலையில் ஓட்டினால் நடுவே தட்டையாகி, சாய்க்கும்போது வண்டி ஒரு விளிம்பைத் தாண்டி விழுவதுபோல் தடுமாறும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தடத்துக்குப் போகிறவனுக்கு, அதுவும் கற்றுக்கொள்ளும் வரிசையில் நிற்பவனுக்கு, இந்த இடைவகையே போதும் என்று நாங்கள் உறுதியாகச் சொன்னோம். அவன் உடனே ஒப்பவில்லை. டயரின் பற்று என்பது மாத ஊதியம் போன்றது என்று எடுத்துக் காட்டினோம். பிரேக்குக்கு முழுவதையும் செலவிட்டால் வளைவுக்கு ஒன்றும் மிஞ்சாது. வளைவில் முழுவதையும் செலவிட்டபின் பிரேக்கைத் தொட்டால் கடனாளியாகித் தரையில் கிடக்கவேண்டும். ஊதியம் உயர்வதற்கு முன் செலவு செய்யும் முறையைக் கற்பதே வழி. ஆகவே தட டயருக்கு அவன் ஒதுக்கிய பணத்தில் மிச்சமாவதை ஒரு நல்ல தோல் உடைக்கும் ஒரு நாள் பயிற்சிக் கட்டணத்துக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னோம். பயிற்சி என்றதும் முகம் மலர்ந்தது.

வாங்கச் சென்ற இடத்தில் கவனிக்கவேண்டியவை சில. கரோல்பாக் நம்மவர் பலருக்குப் பழைய இல்லம். இன்று அங்கே மோட்டார் சைக்கிள் பொருள்களுக்கென்று ஒரு பெரிய கடைத்தெருவே இருக்கிறது. கடைக்காரர் சொல்வதைக் கேட்பதோடு டயரின் பக்கச் சுவரையும் படிக்கவேண்டும். 150/60 R17 66H என்று இருந்தால், அகலம் 150 மில்லிமீட்டர். உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 60. R என்பது ரேடியல் அமைப்பு. 17 அங்குலச் சக்கரம். 66 என்ற எண் 300 கிலோ தாங்குவதையும், H என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை ஏற்பதையும் குறிக்கும். எல்லாவற்றினும் இன்றியமையாதது சிறு வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஒரு கடையில், பெயர் வேண்டாம், பளபளக்கும் ‘புத்தம் புதிய’ டயரை எடுத்து நீட்டினார்கள். இலக்கங்களைப் பார்த்தால் வயது ஐந்துக்கு மேல். ரப்பர் விற்காமல் இருந்தாலும் முதுமை அடையும், இறுகும். நாங்கள் எண்ணைச் சுட்டிக் காட்டியதும் அந்த டயர் மறுபேச்சில்லாமல் உள்ளே போயிற்று.

அதே கடையில் இன்னோர் ஆசையும் காட்டினார்கள். 150க்குப் பதில் 160 போட்டால் வண்டி பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்குமாம். இருக்கும். ஆனால் சக்கர வளையத்தின் அகலம் மாறுவதில்லையே! அகலமான டயரைக் குறுகிய வளையத்தில் திணித்தால் அதன் முதுகு கூம்பிவிடும். வடிவமைத்தவர் எண்ணியபடி தரையைத் தொடாது. வண்டி வளைவில் புகவும் தயங்கும். தயாரிப்பாளர் குறித்த அளவையே வாங்கினோம்.

கடைசியாகக் காற்று. தடத்தில் ஓடும்போது டயர் சூடேற, உள்ளிருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் ஏறும். பத்து டிகிரிக்கு ஏறத்தாழ ஒன்றரை பவுண்டு என்று கொள்ளலாம். அதனால் தடத்தில் இறங்குமுன் சாலை அளவைவிடச் சில பவுண்டு குறைத்து, ஓட்டம் முடித்து வந்தவுடன் சூட்டோடு அளந்து சரி செய்வார்கள். எவ்வளவு குறைப்பது என்பதை அந்த டயரைச் செய்தவர் சொற்படி முடிவு செய்யவேண்டும். நண்பர் சொற்படி அன்று. எங்களை உறங்கவிடாமல் செய்தது இதற்குப் பிந்திய நிலை. மாலையில் களைத்துப்போய், குறைத்த காற்றோடு அப்படியே விரைவுச்சாலையில் ஏறி வீடு திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடங்கலே உள்ளே வெப்பமாகச் சேரும். கான்கிரீட் சாலையில் மணிக்கணக்கில் அப்படி ஓடினால் டயரின் உடலே குலையும். ஆகவே எங்கள் இல்லத்தரசி தம் பணத்தில் ஓர் அழுத்தமானியும் ஒரு கால்பம்பும் வாங்கி மகனின் பையில் வைத்தார். தடத்தின் வாயிலை விட்டு வெளியேறுமுன் இரண்டு டயரையும் அளந்து, அந்த எண்களைத் தொலைபேசியில் அவருக்குச் சொல்லிவிட்டே புறப்படவேண்டும். தாயும் மகனும் செய்துகொண்ட உடன்படிக்கை அது.

டயர்கள் பூட்டி மூன்று வாரமாகிறது. புதிய டயரின் முகம் வழவழப்பானது. முதல் நூறு கிலோமீட்டர் மெல்ல ஓட்டி, சிறிது சிறிதாகச் சாய்த்துப் பழக்கவேண்டும் என்பதை அவன் ஒழுங்காகவே செய்தான். பின் டயரின் இரு ஓரங்களிலும் தரை தொடாத ரப்பர் இன்னும் ஒரு விரல் அகலத்துக்குப் புத்தம் புதிதாக இருக்கிறது. அது அச்சத்தின் அடையாளம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்களாம். அவன் தாயாரோ காலையில் வாயிலில் கோலமிட்டு நிமிரும்போது அந்த ஒரு விரல் அகலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.